சுழலக் கூடாத ரீல்

தூத்துக்குடியில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். கோர்ட்டுக்குப் போகாத வழக்கு. முழுவதும் கேட்டபின் தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெனடிக்ட் மச்சாது படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். வயிற்றுப்பாட்டுக்கு எஞ்சின், ஆசைக்குத் தூண்டில் நூலைச் சுற்றும் ரீல். உப்பேறி இறுகிப்போன பழைய ரீல் எது கிடைத்தாலும் பிரித்துப் போட்டு, மறுபடி ஓட வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் ஜெசிந்தா அவருடைய பட்டறைக்கு வந்தாள். அவளுடைய கணவன் லிகோரி பெனடிக்டின் சிநேகிதன், கடலில் இறந்தவன். ரீலை இடுப்பு வாரோடு மாட்டிக்கொண்டு தூண்டில் போட்டவனை, கொக்கியில் பட்ட பெரிய மீன் படகிலிருந்து அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடல் கரைக்கு வந்தபோது ரீலும் இடுப்பிலேயே இருந்தது.

அந்த ரீலைத்தான் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். லிகோரியின் தகப்பனார் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. கனத்த பித்தளை, கறுப்புப் பக்கத் தகடுகள். மேலெல்லாம் பச்சைக் களிம்பு.

“அவுக கையில கடைசியா இருந்தது இதுதான் அண்ணே. அழிஞ்சு போறத பாக்க முடியல. பளிச்சுன்னு ஆக்கித் தாங்க. ஆனா சுத்தக் கூடாது. அனிட்டன் இதத் தூக்கிட்டு கடலுக்குப் போறேன்னு நிக்கான். அவுக போன பொறவு இத யாரும் தொடல. இனியும் இத வச்சு யாரும் மீன் புடிக்கக் கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க.”

அனிட்டன் அவளுடைய ஒரே மகன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.

“சுத்தாது தங்கச்சி. நான் பொறுப்பு” என்றார் பெனடிக்ட்.

அவள் போனபின் ரீலை விளக்கடியில் வைத்தார். திருகாணித் தலைகளில் புதிய கீறல்கள். தகட்டைக் கழற்றியதும் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. யாரோ அண்மையில் திறந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். யார் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் உள்ளே பிரித்தார். மீன் வலுவாக இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுப்பதற்காக ரீலுக்குள் வாசர்கள் எனப்படும் தோல் வளையங்கள் அடுக்கியிருக்கும். அவை வழுக்கினால் நூல் ஓடும். லிகோரியின் ரீலில் அந்த வாசர்கள் காய்ந்து, பித்தளையோடு ஒட்டிக் கல்லாகியிருந்தன. நூல் ஓர் அங்குலம்கூட ஓடியிருக்காது; அதனால்தான் மீன் அவனையே இழுத்துப் போயிருக்கிறது. இதை வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்டவன் லிகோரியேதான். கடல் கொண்டுபோய்விட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பவளிடம் இதை எப்படிச் சொல்வது? மகன் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்ததைச் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்?

பெனடிக்ட் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. களிம்பைப் போக்கினார். தேய்ந்த பல்சக்கரத்தை எடுத்துவிட்டு ஸ்டீலில் புதிதாகக் கடைந்து போட்டார். தோலைச் சுரண்டியெடுத்து, எவ்வளவு சூடேறினாலும் ஒட்டி இறுகாத கார்பன் வாசர்களை அடுக்கினார். எல்லாம் முடிந்தபின் கைப்பிடி அசையாதபடி உள்ளே ஒரு சிறு ஊசியைச் செருகி மூடினார். ‘வாக்கும் தவறவில்லை, பையனுக்கும் ஆபத்தில்லை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் ரீலைக் கொடுக்கும்போது ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. கும்பிட்டுவிட்டு வாங்கிப் போனாள்.

மாதாகோயில் திருவிழா முடிந்த வாரம் பட்டறை வாசலில் நிழல் விழுந்தது. ஜெசிந்தா. பின்னால் அனிட்டன், உள்ளங்கையில் கட்டோடு. அவள் ரீலை மேசையில் வைத்துக் கைப்பிடியைத் தொட்டாள். சத்தமில்லாமல் சுழன்றது.

“சுத்துது அண்ணே.”

அனிட்டன் முந்திக்கொண்டான். “ஊசியப் புடுங்கினது நான்தான் மாமா. கடலுக்குள்ள பாறைத்திட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பாரை மீன் பட்டுச்சு. நானும் வார மாட்டித்தான் நின்னேன். நூல் மொத்தமும் ஓடி அத்துக்கிட்டு போச்சு. நான் படகுக்குள்ளயே விழுந்தேன். அந்த வாசர் இல்லாட்டி நானும் அப்பா போன வழிதான். அம்மாவுக்குச் சொல்லுங்க.”

“ஊசிய எதுக்குல எடுத்த?” பெனடிக்ட் கேட்டார்.

“தொறந்து பாத்தேன். உள்ள எல்லாம் புதுசு. அலமாரியில வைக்கிற ரீலுக்கு யாரு மாமா இதெல்லாம் போடுவா? நீங்க என்னய போன்னு சொன்ன மாதிரிதான் இருந்துச்சு.”

ஜெசிந்தா மகன் பக்கம் திரும்பவே இல்லை. “அப்பா ரீலக் கொண்டு போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் அண்ணே போனான். ஊசிய எடுத்தத மட்டும் சொல்லல. சுத்தாத ரீல வச்சு என்னத்தப் புடிப்பன்னு சிரிச்சுக்கிட்டே சோறு கட்டிக் குடுத்தேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினேன். ஒங்க வார்த்தைய நம்பித்தான் சிரிச்சேன்.”

ரீலை அங்கேயே விட்டுவிட்டு அவள் நடந்தாள். அதன்பின் அவரோடு பேசவில்லை.

இப்போது சொல்லுங்கள். உயிரைக் காத்தும் வாக்கைப் பொய்யாக்கிய பெனடிக்டா, பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்த மகனா, மகனைத் தடுக்கச் சுழலாத ரீலை நம்பிய தாயா, இவர்களில் யார் செய்தது பெரிய தவறு?

*விடை:* தாயினுடையது தவறு அல்ல, பயம். மகனுடையது தவறுதான், ஆனால் அது அவன் உயிரோடு அவன் ஆடிய ஆட்டம். பெரிய தவறு பெனடிக்டினுடையது. வாசரை மாற்றியதில் குற்றமில்லை. அதைச் செய்யாதிருந்தால்தான் பாவம். செய்ததை மறைத்ததுதான் குற்றம். அவர் வாய் திறக்காததால் அந்த ரீல் தாயிடம் ‘போக மாட்டான்’ என்றது, மகனிடம் ‘போய் வா’ என்றது. உண்மை தெரிந்தால் ஜெசிந்தா அழுவாளே என்று பயந்தார். அவளை அழ விட்டிருக்க வேண்டும்.