தேன்மந்து பங்களாவின் பன்னிரண்டு பாட்டில்கள்

குன்னூரிலிருந்து மேலே ஏறும் பஸ், பதினோராவது வளைவில் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் தேன்மந்து என்றொரு ஊர். ஊர் என்றால் ஒரு பஸ் நிறுத்தம், பூட்டிக் கிடக்கும் ஒரு டீக்கடை, ஒரு பழைய பங்களா. பங்களாவில் நான்கு அறிவாளிகள் வேலை பார்த்தார்கள். அவர்கள் அறிவாளிகள் என்பது அவர்கள் நான்கு பேருக்கும் தெரியும். ஐந்தாவது ஆள் ஒருவருக்கும் இதுவரை தெரியவரவில்லை.

பட்லர் அருளப்பன்தான் தலைவர். வெள்ளைக் கையுறை அவரிடம் மட்டும் இருந்ததால் அந்தப் பதவி கிடைத்தது. சமையல்காரர் மாசிலாமணிக்கு எழுதவும் தெரியும், படிக்கவும் தெரியும். தான் எழுதியதைப் படிக்க மட்டும் தெரியாது. தோட்டக்காரர் சடையனுக்குச் சந்தேகம் கேட்பதே வேலை. நேரம் இருந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஆயா தெரசம்மா வயதில் மூத்தவர். மற்ற மூவரும் முட்டாள்கள் என்பது அவருடைய முடிவு. அதுவரைக்கும் சரிதான்.

முப்பத்திரண்டு வருஷம் இவர்கள் பங்களாவின் சொந்தக்காரரான டொரத்தி மிஸ்ஸிக்கு ஊழியம் செய்தார்கள். மிஸ்ஸி தொண்ணூற்றோரு வயதில் காலமானார். பங்களாவை ஒரு ஹோட்டல் கம்பெனி வாங்கியது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி நான்கு பேரும் வெளியேற வேண்டும், வயதானவர்கள் எங்களுக்குத் தேவையில்லை என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம். எழுதியவர் ‘அன்புடன்’ என்று முடித்திருந்தார்.

அருளப்பனுக்குத் திருப்பூரில் மகன் வீடு. மாசிலாமணிக்கு ஈரோட்டில் தங்கை. சடையனுக்குக் கூடலூரில் அண்ணன். தெரசம்மாவுக்குக் கோயம்புத்தூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம். ஆளுக்கொரு திசை. கடிதம் வந்த அன்று மாசிலாமணி குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டார். நான்கு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டதால் ஒருவருக்கும் குறை தெரியவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள் உண்டு. அட்வான்ஸ் கொடுத்தால் கடை கிடைக்கும். கடை கிடைத்தால் நான்கு பேரும் பிரியவேண்டாம். அட்வான்ஸுக்கு மிஸ்ஸியே வழி விட்டுப் போயிருந்தார். பின்னறையில் இருக்கும் பன்னிரண்டு பாட்டில் பழைய ஒயினும் தன் வேலையாட்கள் நால்வருக்குச் சேரும் என்று உயிலில் எழுதியிருந்தார். அவை மிஸ்ஸியின் அப்பா காலத்துச் சரக்கு. லேபிளில் 1937 என்று போட்டிருந்தது.

அவற்றுக்கு ஏதாவது விலை போகுமா? இது தெரிய வேண்டும்.

குன்னூருக்கு மாதம் ஒருமுறை வந்து போகும் மதிப்பீட்டாளர் தணிகாசலத்துக்குப் போன் போட்டார்கள். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். “வர்ற இருபத்தெட்டாம் தேதி எல்லாத்தையும் கொண்டு வாங்க, பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் பாட்டிலைப் படுக்கப் போட்டு வைங்க. வெளிச்சம் படக்கூடாது. ஆட்டக்கூடாது. மேலே இருக்கிற தூசியைத் துடைச்சுடாதீங்க, அது பழசுங்கறதுக்கு அடையாளம். திறந்து கிறந்து பார்த்துடாதீங்க.”

“கேட்டுக்கிட்டீங்களா? சொன்னதைச் சொன்னபடி செய்யணும்” என்றார் அருளப்பன். தேன்மந்தின் கெட்டகாலம் அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது.

படுக்கப் போடுவது என்றால் எங்கே? வீட்டிலேயே நல்ல கட்டில் மிஸ்ஸியின் கட்டில். அதில் மெத்தை விரித்தார்கள். பிறகு சடையன் சந்தேகத்தைக் கிளப்பினார்.

“பட்லரே, இதுல தலை எது, கால் எது?”

“வாய் எங்கே இருக்கோ அதுதான் தலை.”

“அப்ப கார்க்கு?”

“அது தொப்பி.”

“தலையை வடக்கே வெச்சுடாதீங்கப்பா” என்று தெரசம்மா பதறினார். “மிஸ்ஸிகிட்ட நான் தலையால அடிச்சுக்கிட்டேன். கேக்கவே இல்லை, வடக்கேதான் தலை வெச்சுப் படுத்தாங்க. என்ன ஆச்சு? தொண்ணூத்தோரு வயசுல போய்ச் சேர்ந்துட்டாங்க!”

எல்லோரும் மிஸ்ஸியின் அகால மரணத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள். தலையைக் கிழக்கே வைத்து, கழுத்துக்கு அண்டை கொடுத்து, பதினோரு பாட்டில்களைப் படுக்கவைத்தார்கள்.

பன்னிரண்டாவது பாட்டிலில் ஒரு சிக்கல். மற்றவை பின்னறை அலமாரியில் வரிசையாக நின்றிருந்தன. இது மட்டும் அலமாரிக்குப் பின்னால் விழுந்து, தரையோடு தரையாகப் படுத்தே கிடந்தது. எத்தனை வருஷமாகக் கிடந்ததோ, அதன் மேல் பூஞ்சை ஒரு சட்டை போல வளர்ந்திருந்தது.

“பாவம், இது ஏற்கெனவே படுத்துப் படுத்துக் களைச்சுப் போயிருக்கும். இன்னும் படுக்கப் போட்டா முதுகு புண்ணாயிடும்” என்றார் மாசிலாமணி.

“எங்க அப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு” என்றார் சடையன்.

ஆகவே அதை மட்டும் தூக்கி நிறுத்தி, காற்றாட இருக்கட்டும் என்று ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். மலைக்காற்று ஜன்னலைப் படாரென்று சாத்தியது. பாட்டில் வெளியே விழுந்து உடைந்தது. அதன் கழுத்தையும் லேபிள் ஒட்டிய துண்டையும் பொறுக்கி ஒரு துணிப்பையில் போட்டார்கள். செத்துப்போனாலும் உயிலில் பேர் இருக்கிறதே!

அடுத்தது வெளிச்சம். ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டினார்கள். இருட்டு போதுமா என்று சோதிக்க வேண்டும்.

“டார்ச் அடிச்சுப் பாரு” என்றார் அருளப்பன்.

சடையன் டார்ச் அடித்தார். “இல்லீங்க பட்லரே, வெளிச்சமாத்தான் இருக்கு. கட்டில்கூடத் தெரியுது.”

இன்னொரு கம்பளி கட்டினார்கள். மறுபடி டார்ச். அப்போதும் கட்டில் தெரிந்தது. வீட்டில் இருந்த கம்பளி, போர்வை, ஜமுக்காளம், தெரசம்மாவின் இரண்டு சேலை எல்லாம் ஜன்னலுக்குப் போயின. இவர்கள் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நடுங்கினார்கள். மூன்றாம் நாள் டார்ச்சில் பேட்டரி தீர்ந்தது. “இப்பத்தான் சரியான இருட்டு!” என்று சடையன் கத்தினார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அந்த உற்சாகத்தில் அவர் கால் தடுக்கிக் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு பாட்டில் போயிற்று. அவையும் துணிப்பையில் சேர்ந்தன.

தூசியைத் துடைக்கக் கூடாது என்பதில் நான்கு பேரும் உறுதியாக இருந்தார்கள். ஆனால் முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் லேசில் போகுமா? தெரசம்மா இருட்டிலேயே கையை விட்டு நாலு பாட்டிலைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். அவசரக் கூட்டம் கூடியது.

“ரோட்டுத் தூசி நாலு கூடை கொண்டாரட்டுமா?” என்றார் சடையன்.

“அது இந்த வருஷத்துத் தூசி. பார்த்தாலே புதுசுன்னு தெரிஞ்சுடும்” என்றார் மாசிலாமணி. “பழைய தூசி வேணும்.”

“இந்த வீட்டுல பழைய தூசி ஏது? தினமும் நான் துடைக்கிறேன்” என்று தெரசம்மா சிலிர்த்துக்கொண்டார்.

 பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “மிஸ்ஸியோட பீரோ மேல மட்டும் எனக்கு எட்டாது. எட்டுறதே இல்லை.”

பீரோவின் மேலிருந்து முப்பத்திரண்டு வருஷத் தூசியை முறத்தில் வாரி, சல்லடையில் சலித்து, நாலு பாட்டிலுக்கும் தூவினார்கள். தெரசம்மா அன்று முழுக்க யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி குன்னூர் பஸ் ஏறினார்கள். பாட்டிலைப் படுக்கவைத்தே கொண்டுபோக வேண்டும். முதியோர் இருக்கை காலியாக இருந்தது. ஒன்பது பாட்டிலையும் அதில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, நான்கு பேரும் நின்றார்கள். அடுத்த நிறுத்தத்தில் தடி ஊன்றிய ஒரு பெரியவர் ஏறினார்.

“என்னங்க இது அநியாயம்?” என்றார் கண்டக்டர். “பெரியவர் நிக்கிறாரு, பாட்டில் படுத்திருக்கு!”

“பெரியவருக்கு என்ன வயசுங்க?” என்று அருளப்பன் பணிவாகக் கேட்டார்.

“எழுபத்தெட்டு” என்றார் பெரியவர்.

“இவங்க எல்லாருக்கும் எண்பதைத் தாண்டி ஏழெட்டு வருஷம் ஆச்சுங்க.”

பெரியவர் யோசித்தார். “அப்ப மூத்தவங்கதான், இருக்கட்டும்” என்று சொல்லிக் குன்னூர்வரை தடியை ஊன்றிக்கொண்டு நின்றே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஆடாமலிருக்க நால்வரும் கம்பியை இறுக்கிப் பிடித்து, பஸ்ஸை அசையவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

தணிகாசலம் முதல் பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேராகத் தூக்கினார். “ஐயோ, வெளிச்சம்!” என்று சடையன் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். தணிகாசலம் மறுபடி போட்டார். சடையன் மறுபடி அணைத்தார். கடைசியில் சடையனை வெளியே நிற்கவைத்துவிட்டுத்தான் வேலை நடந்தது.

ஒன்பதையும் பார்க்க அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரமும் தெரசம்மா ஜெபமாலை உருட்டினார். அருளப்பன் கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

“எல்லாம் புளிச்சுக் காடியாப் போச்சுங்க” என்றார் தணிகாசலம். “பைசா பெறாது.”

“ஐயா, எண்பத்தேழு வருஷம்!” என்றார் மாசிலாமணி.

“வயசானா மட்டும் போதாதுங்க. எப்படி வெச்சிருந்தாங்கன்னு ஒண்ணு இருக்கு. இதையெல்லாம் இத்தனை வருஷமா நிக்க வெச்சிருக்காங்க. நின்னா கார்க் காஞ்சுடும், காத்து உள்ளே போயிடும், உள்ளே இருக்கிறது வீணாயிடும். படுத்து, நிம்மதியா, இருட்டுல கிடந்திருந்தா வருஷத்துக்கு வருஷம் மதிப்பு ஏறியிருக்கும்.”

பிறகு அவர்கள் மறக்காமல் கொண்டுவந்திருந்த துணிப்பையைக் கொட்டிப் பார்த்தார். பூஞ்சை படிந்த கழுத்துத் துண்டில் கார்க் அப்படியே இருந்தது. அதை இழுத்து முகர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

“இது?”

“அது ஒண்ணுதாங்க படுத்துக் கிடந்தது. நாங்கதான் எழுப்பி நிக்க வெச்சோம்” என்றார் அருளப்பன்.

“இது ஒண்ணு இருந்திருந்தா நீங்க சொல்ற டீக்கடை மாதிரி நாலு கடை எடுத்திருக்கலாம்” என்றார் தணிகாசலம்.  பஸ் செலவுக்கு அவரே பணம் கொடுத்து அனுப்பினார்.

முப்பதாம் தேதி மூட்டை கட்டினார்கள். நான்கு மூட்டை. அடுப்பங்கரையில் அவை நான்கும் தனித்தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே நன்றாக இல்லை. அருளப்பன் தன் மூட்டையை மற்றவற்றோடு சேர்த்துத் தள்ளி வைத்தார். ஒன்றும் மாறவில்லை.

“நமக்கும் வயசாச்சு. ஆனா ஒருத்தனும் நாலு காசு மதிக்கலையே” என்றார் மாசிலாமணி.

“எப்படி மதிப்பான்?” என்றார் தெரசம்மா. “முப்பத்திரண்டு வருஷமா நின்னுக்கிட்டே இருந்தேன். முழங்கால் ரெண்டும் போச்சு.”

“நான் அடுப்புக்கு முன்னாடி நின்னேன்.”

“நான் மிஸ்ஸி நாற்காலிக்குப் பின்னாடி” என்றார் அருளப்பன். “அவங்க சூப் குடிச்சு முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும்.”

உண்மைதான். அந்தப் பங்களாவில் இருபத்தாறு நாற்காலிகள் இருந்தன. இவர்கள் ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.

சடையன் மெதுவாகக் கேட்டார். “அப்ப நாமளும் பழசாகித்தான் இருக்கோம். வெச்சிருந்த விதம்தான் தப்போ?”

 நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் சடையன் கேட்ட சந்தேகங்களில் அது ஒன்றைத்தான் ஒருவராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

“இப்பப் படுத்தா ஏறுமா?” என்றார் மாசிலாமணி.

“ஏறாதுன்னு அவர் சொல்லலையே” என்றார் அருளப்பன்.

முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு ஹோட்டல் கம்பெனி மேனேஜர் சங்கரலிங்கம் சாவி வாங்க வந்தார். அவருக்கு அன்று ஐம்பத்தெட்டு முடிந்தது. கம்பெனிக்கு முப்பது வருஷம் உழைத்தவர். சாயங்காலம் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதுதான் அவருடைய கடைசி வேலை.

வீட்டில் ஆள் அரவம் இல்லை. ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே வந்து, மிஸ்ஸியின் அறைக் கதவைத் திறந்தார். கும்மிருட்டு. கண் பழகியதும் தரையில் பாய் விரித்து நான்கு பேர் வரிசையாக மல்லாந்து படுத்திருப்பது தெரிந்தது. பட்லர் கையுறை போட்டிருந்தார்.

“யாருங்க? என்ன பண்றீங்க? காலி பண்ணச் சொல்லிக் கடிதாசு வரலையா?” என்று மேனேஜர் அதட்டினார்.

“வந்துதுங்க சார். சத்தம் போடாதீங்க. மதிப்பு ஏறிக்கிட்டிருக்கோம்” என்றார் அருளப்பன், அசையாமல்.

“என்னது?”

அருளப்பன் படுத்தபடியே விளக்கினார். வயதானால் மதிப்புக் கூடும் என்பதையும், நின்றால் கெட்டுப்போகும் என்பதையும், படுத்து நிம்மதியாக இருட்டில் கிடந்தால் வருஷத்துக்கு வருஷம் விலை ஏறும் என்பதையும், இதெல்லாம் குன்னூரில் படித்த மனிதர் ஒருவர் சோதித்துச் சொன்னது என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ரெண்டு வருஷம் கழித்து வந்தால் கம்பெனியே போட்டி போட்டுக்கொண்டு தங்களை வாங்கும் என்றும் சொன்னார்.

மேனேஜர் வாசலிலேயே நின்றார். கையில் இருந்த சாமான் பட்டியலைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். இருட்டில் அவர் ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்டது.

“ஆயாம்மா, கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்றார்.