தூங்கி எழுந்த அரசருக்கு முடிசூட்டு

முன்னொரு காலத்தில், அது எந்த ஊர் என்று கேட்காதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன், ஓர் அரசர் இருந்தார். நல்லவர்தான். புதிதாக எதைக் கேட்டாலும் கொஞ்ச காலம் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார், அது ஒன்றுதான் குறை. ஒரு மாதம் சேவல் சண்டை, ஒரு மாதம் சோதிடம். இந்தக் கதை நடந்த மார்கழியில் அவரைப் பிடித்திருந்தது மனித மூளை.

பிடிக்க வைத்தவர் அரண்மனை வைத்தியர் சோமநாத பண்டிதர். மனிதன் என்பது மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளைதான், கை கால் மார்பு வயிறெல்லாம் அதைச் சுமக்கிற பல்லக்கு என்று அவர் அடித்துச் சொன்னார். அரசருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஏன் பிடித்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாம் சொல்லிவிடலாம்.

ஐப்பசியில் வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு காட்டு யானை அரசர்மேல் பாய்ந்தது. படைத்தலைவர் மழவராயர் குறுக்கே வந்து அரசரைத் தள்ளிவிட்டார். யானை அவரைத் தூக்கி எறிந்தது. தலை பாறையில் மோதியது. உயிர் தங்கிற்று, நினைவு தங்கவில்லை. அரசரும் அவரும் சிறு பிள்ளையிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். அரசர் பார்க்கப் போனபோது, மழவராயர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "யாரய்யா நீர்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அரசர் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. போகவேண்டும் என்று நினைப்பார். நினைத்த உடனே அந்தக் கேள்வி காதில் விழும். நாளைக்குப் போகலாம் என்று விட்டுவிடுவார்.

பண்டிதருக்கு ஒரு மைத்துனன் இருந்தான். மழவராயருக்கு மானியமாகக் கொடுத்திருந்த ஊர்மேல் அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். அதனால் ஒருநாள் பண்டிதர் சபையில் எழுந்து நின்றார்.

"அரசே, மழவராயரிடம் நான் மூன்று கேள்விகள் கேட்டேன். உமது பெயர் என்ன, உமது மனைவி யார், நீர் யாருடைய ஊழியர். மூன்றுக்கும் விடை இல்லை. மூளையில் இருந்த மழவராயர் வேட்டைக் காட்டிலேயே மறைந்துவிட்டார். அந்த வீட்டில் இப்போது உட்கார்ந்திருப்பவர் வேறு யாரோ. ஊரையும் வீட்டையும் திரும்ப எடுத்துக்கொள்வதே முறை."

சபையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் அரசர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டினார்கள். அரசருக்கோ நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போல் இருந்தது. மறைந்துபோனவரைப் போய்ப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லையே. சரி என்று சொல்ல வாயெடுத்தார்.

"அரசே, மழவராயரின் மனைவி எங்கே போவாள்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார் குழைக்காதர். சபையில் விகடம் சொல்லிப் பிழைப்பவர் அவர். அரசர் சிரிப்பது அவருடைய பேச்சுக்கு மட்டும்தான் என்பதால் பண்டிதருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"விகடருக்கு இரக்கம் பொங்குகிறது," என்றார் பண்டிதர். "மூன்று கேள்விக்கு விடை சொல்லத் தெரியாதவர் இன்னமும் மழவராயர்தான் என்று நாளைய சபையில் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் இவரும் மூட்டையைக் கட்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் அரசர்.

குழைக்காதர் பணிவாகக் கேட்டார்: "பண்டிதரே, மூன்று கேள்விக்கும் விடை சொல்லாதவர் அவரே இல்லை என்கிறீர். இந்த விதி எல்லோருக்கும் பொருந்துமா?"

"மூளை உள்ள எல்லோருக்கும் பொருந்தும். உமக்குப் பொருந்துமா என்று நீர்தான் சொல்லவேண்டும்."

சபை சிரித்தது. குழைக்காதரும் சிரித்துவிட்டு, அதை அரச ஆணையாக முரசறைந்தால் நன்றாக இருக்கும் என்றார். அரசர் உற்சாகமாக உத்தரவு போட்டார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அரசர் போய் அடுத்தவர் வந்தால், போனவர் கொடுத்த பதவியெல்லாம் அவரோடு போய்விடும். ஒவ்வொருவரும் தலைப்பாகையை முற்றத்தில் கழற்றி வைத்துவிட்டு, புதிய அரசர் பெயர் சொல்லி அழைக்கும்வரை வெறுந்தலையோடு காத்திருக்க வேண்டும். முடிசூட்டுக்கு ஆற்று நீரை விடியலில் மொண்டு வந்து அப்படியே ஊற்றவேண்டும். வெந்நீர் கலப்பது ஆகாது.

மறுநாள் விடியற்காலை காதருகே சங்கு முழங்கியது. அரசர் கண்ணைத் திறப்பதற்குள் ஒரு குடம் மார்கழித் தண்ணீர் தலையில் கொட்டியது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, "யாரடா அது?" என்றார். இரண்டாவது குடமும் கொட்டியது. எதிரில் புரோகிதர்களோடு குழைக்காதர் கைகட்டி நின்றார்.

"புதிய அரசர் வாழ்க. முடிசூட்டு நடக்கிறது. இன்னும் நான்கைந்து குடம் பாக்கி இருக்கிறது."

"புதிய அரசரா? உனக்குப் பைத்தியமா?"

"ஆணைப்படிதான் செய்தேன் அரசே. காவலர்களைச் சாட்சி வைத்துக்கொண்டு, கட்டிலில் படுத்திருந்தவரிடம் பண்டிதரின் கேள்விகளைக் கேட்டேன். பெயர் என்ன என்றேன், குறட்டை. மனைவி யார் என்றேன், குறட்டை. எந்த நாட்டுக்கு அரசர் என்றேன், திரும்பிப் படுத்தார். பழைய அரசர் மறைந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். சிம்மாசனம் காலியாக இருக்கலாமா?"

அரசர் சாளரத்தின் வழியே முற்றத்தைப் பார்த்தார். தலைப்பாகைகள் குவிந்து கிடந்தன. பனியில் வெறுந்தலையோடு மந்திரிகள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று தும்மிக்கொண்டிருந்தவர் பண்டிதர்தான். அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, ஈரத் துணியோடே இறங்கி வந்தார்.

"அரசே, இது அநியாயம்," என்றார் பண்டிதர். "தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். நினைவு திரும்பிவிடும்."

"திரும்பும்வரை கட்டிலில் கிடந்தது யார்?" என்று கேட்டார் குழைக்காதர். "அரசர்தான் என்றால், ஒன்றும் அறியாமல் கிடந்தாலும் மனிதர் அவரேதான் என்று ஆகிறது. அரசர் இல்லை என்றால், உம்மை வைத்தியராக வைத்தவர் போய்விட்டார். நீர் அங்கேயே நில்லும்."

பண்டிதர் வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.

"அது சரி குழைக்காதா," என்றார் அரசர். இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. "நான் விழித்துவிட்டேன். மழவராயன் விழிக்கவில்லை. இனி விழிப்பான் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவனுக்குள் அவன் இருக்கிறானா?"

"எனக்குத் தெரியாது அரசே. தெரிந்தவரைக் கூட்டி வந்திருக்கிறேன்."

மழவராயரின் மனைவி உலகம்மை தூணோரம் நின்றிருந்தாள். வீடு போகுமோ இருக்குமோ என்று இரவெல்லாம் அழுத கண். குழைக்காதர் அவளிடம், "அம்மா, அவருக்கு உங்கள் பெயர் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது ஐயா. நான் யார் என்றே தெரியாது."

"பிறகு எதை வைத்து அவரை உங்கள் கணவர் என்கிறீர்கள்?"

உலகம்மை சொன்னாள்: "கல்யாணமான நாளிலிருந்து, நான் எதிரில் உட்காராமல் அவர் சோற்றில் கை வைத்ததில்லை. இப்போதும் இலையைப் போட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. நான் வந்து உட்கார்ந்தால் சாப்பிடுகிறார்."

பண்டிதர்கூடத் தும்மலை அடக்கிக்கொண்டார்.

அரசர் துணி மாற்றவில்லை. தெருவில் இறங்கி நேரே மழவராயர் வீட்டுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த மழவராயர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரய்யா நீர்?"

அரசருக்குத் திரும்பி நடந்துவிடலாம் போல் இருந்தது. ஆனாலும் நின்றார். மழவராயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தலையைப் பரபரவென்று துவட்டத் தொடங்கினார்.

"யாராக இருந்தாலும் இப்படியா ஈரத்தலையோடு நிற்பது? உமக்குச் சளி பிடித்தால் ஒரு மாதம் போகாதே."

அது உண்மை. அரசருக்குச் சளி பிடித்தால் ஒரு மாதம் போகாது. அந்தப்புரத்தையும் வைத்தியரையும் விட்டால், அது கூடவே வளர்ந்த ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

அரசர் துண்டுக்குள்ளிருந்து சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று பார்த்தவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. மானியம் மழவராயருக்கே என்று அங்கேயே சொன்னார். தன் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதர் கழுத்தில் போட்டார். பண்டிதரை மாலைவரை முற்றத்தில் நிற்கவிட்டு, பிறகு பெயர் சொல்லி அழைத்து வேலையைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து அரசருக்குச் சாப்பாடு அந்த வீட்டில்தான். அரசரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் மழவராயர் சோற்றில் கை வைத்தார் என்கிறார்கள்.