வளைஞ்ச தோணிக்கு கஸ்பார் அண்ணாச்சி சொன்ன சமாதானம்

எங்க தூத்துக்குடியில அளந்துவிடுற ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனா கஸ்பார் அண்ணாச்சி அளந்தா, கேக்குறவன் வேலைய விட்டுட்டு உக்காந்துருவான். எனக்குப் போட்டோ பிரேம் போடுற கடை. மரம், ரம்பம், பசை எல்லாம் கையோட கெடக்கும்ங்கதால, சின்னச் சின்ன மரக்கப்பல் செய்றவங்க நாலு பேரு சாயங்காலம் இங்கதான் கூடுவாங்க. "ரெஜினா, ஒரு டீ சொல்லு"ன்னு அண்ணாச்சி வந்துட்டா, அன்னைக்கு என் வேலை அம்புட்டுதான்.

போன வாரக் கூத்தச் சொல்லுதேன். பார்சல் ஆபீஸ் கிளார்க்கு மோட்சம் மூணு மாசமா ஒண்ணரை அடியில ஒரு தோணி செஞ்சுக்கிட்டிருந்தான். அவன் மாமனார் லெயோன் கொழும்புக்கு ஓட்டுன தோணி மாதிரியே. அவரு அதுல தண்டலா இருந்தவரு, கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. பொண்ணக் கட்டிக் குடுத்து எட்டு வருசமாச்சு, மருமவன்கிட்ட 'வாங்க', 'சாப்பிடுங்க' தவிர ஒரு வார்த்த பேசுனதில்ல. பேனா பிடிக்கிற பயன்னு ஒரு எளக்காரம். ஞாயித்துக்கெழம அவருக்கு எழுவத்தஞ்சு வயசு. தோணியக் கையில குடுத்தாவது மனுசனப் பேச வச்சுரணும்னு மோட்சத்துக்கு ஒரே வெறி.

வியாழக்கெழம அவன் மதுரையில ஒரு கல்யாணத்துக்குப் போனான். பலகை ஒட்டுறத நான் பாத்துக்கிடுதேன்னு அண்ணாச்சி தோணிய வாங்கி வச்சுக்கிட்டாரு. பலகைய இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தித்தான் ஒட்டணும். இவரு பேச்சு சுவாரசியத்துல ஒரே பக்கமா அம்புட்டையும் ஒட்டி முடிச்சுட்டாரு. பசை காஞ்சு இழுத்த இழுப்புல தோணி வாழைப்பழமா வளைஞ்சு போச்சு.

சனிக்கெழம சாயங்காலம் மோட்சம் வந்து பாத்தான். பாவம், முகமே செத்துப்போச்சு. அடுப்புல போட்டுருதேன்னு தோணியத் தூக்கிட்டான். அண்ணாச்சி மன்னிப்புக் கேப்பாருன்னுதான் நாங்க நெனச்சோம். அவரா கேப்பாரு?

"லே மோட்சம், நீ குடுத்து வச்சவன்லே. வளையாத கப்பல் செஞ்சவன் எவனும் பெரிய ஆளா வந்ததில்ல"ன்னாரு.

அவரோட மொதக் கப்பல் வளைஞ்ச வளைவுல முன்மூக்கு பின்பக்கத்தத் தொட்டுருச்சாம். மனம் தளராம அதத் துணி ஊறுற வாளியில விட்டாராம். அது சுத்துன சுத்துல துணியெல்லாம் பளிச்சுன்னு வெளுத்துருச்சாம். மூணு வருசம் அவங்க வீட்டுல யாரும் துணியே துவைக்கலையாம். கப்பலுக்குப் பாய் தைக்கிற டெய்லர் தனிஸ்லாஸ், அப்ப துணியப் பிழிஞ்சது யாருன்னு கேட்டான். கப்பலத் திருப்பிப் போட்டா மறுபக்கமா சுத்தும், அதுலயே பிழிஞ்சுருமேன்னாரு அண்ணாச்சி.

அடுத்து கயிறு கட்டுற பாடம். நூல மெழுகுதிரியில ரெண்டு இழுப்பு இழுத்துட்டுக் கட்டுனா பிசிறு நிக்காது. இது சத்தியமான பேச்சு, நானே செஞ்சு பாத்திருக்கேன். ஆனா மனுசன் அதோட நிப்பாட்டலையே. அவரு கை வேகம் பத்தலன்னு ஒரு சிலந்திக்கு முடிச்சுப் போடப் பழக்குனாராம். ஒரே ராத்திரியில முந்நூறு முடிச்சாம். ஞாயித்துக்கெழம மட்டும் வேலைக்கு வராதாம், மாதா கோயில் பூசைக்குப் போயிருமாம். நான் எல்லாப் பூசைக்கும் போறேன், ஒரு நாளும் அதப் பாத்ததில்லயேன்னான் தனிஸ்லாஸ். அது கூரையில உக்காந்து பூச பாக்கும், நீ பூச நேரத்துல எங்க கண்ண முழிச்சிருந்தன்னு கேட்டாரு.

மோட்சம் மட்டும் சிரிக்கல. அண்ணாச்சிக்கும் உள்ள உதறல்தான், அதனால கதை பெருசாகிக்கிட்டே போச்சு. ஒரு தடவ அலமாரியில கப்பல வச்சுட்டு ஃபேனப் போட்டாராம். பாய் காத்தப் பிடிச்சு, கப்பல் அலமாரிய இழுத்து, அலமாரி சுவத்த இழுத்து, வீடே கடலப் பாத்து நகந்துருச்சாம். கோழி முட்ட, குழம்புச் சட்டி, தூங்கிக்கிட்டிருந்த மச்சினன் எல்லாம் சேந்து போச்சாம். கடற்கரை ரோட்டத் தாண்டுறப்ப, ஊசி அளவு நங்கூரத்த சன்னல் வழியா எறிஞ்சுதான் வீட்ட நிப்பாட்டுனாராம். தபால்காரரு மட்டும் ஒரு வாரம் அலைஞ்சாராம். "அதனால சொல்லுதேன், கெட்டுப்போன கப்பல்னு ஒண்ணு கிடையவே கிடையாது. முடிக்காம விட்ட கப்பல்தான் உண்டு"ன்னு முடிச்சாரு.

அப்பதான் வாசலப் பாத்தேன். லெயோன் தண்டல் நிக்காரு. சம்சாரம் படத்துக்கு பிரேம் வாங்க வந்தவரு, எம்புட்டு நேரமா கேட்டுக்கிட்டு நின்னாரோ தெரியாது. மோட்சம் தோணிய முதுகுக்குப் பின்னால மறைச்சான். அவரு உள்ள வந்து அத வாங்கி, வளைஞ்ச பக்கத்த ஒரு தடவ தடவிப் பாத்தாரு.

என்னக் கொஞ்சம் வெந்நி போடச் சொன்னாரு. துணிய முக்கி வச்சு, பசை இளக இளக, பலகைய ஒவ்வொண்ணா நோகாம எடுத்தாரு. எல்லாத்தையும் எடுத்து நேராக்கிட்டு, ஒரு பலகையத் தன் பக்கம் வச்சாரு. மறு பலகைய மருமவன்கிட்ட நீட்டுனாரு.

"மாப்பிள்ள, அந்தப் பக்கம் நீங்க பிடிங்க. ஆரு செஞ்சாலும் இது ஒத்தையாளு வேல இல்ல"ன்னாரு.

எட்டு வருசத்துல அம்புட்டு நீளமா அவரு பேசி மோட்சம் கேட்டதே இல்ல. அவனுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. எனக்குந்தான்.

இதுதான் சமயம்னு அண்ணாச்சி மெல்ல எந்திரிச்சு செருப்ப மாட்டுனாரு. தண்டல் தலையே நிமிரல.

"கஸ்பாரு, எங்க போறீரு? பசை காய மூணு மணி நேரமாவும். அது வரைக்கும் உக்காந்து புளுகும்."