பெயர் நீக்கிய பட்டியல்

கோடை விடுமுறையில் சட்டம் பழக மரியசெல்வி சென்னைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரக் கிராமத்துப் பெண். நாலாம் வருஷச் சட்டப் படிப்பு.

அவள் சேர்ந்த கம்பெனி, பிள்ளை பெற்ற தாய்மார்களுக்காக ஒரு ஆப் நடத்தியது. தடுப்பூசித் தேதியை ஞாபகப்படுத்தும். வாரம் ஒரு தடவை, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று நாலு கேள்வி கேட்கும். தாய்மார்கள் சொன்ன பதில் வெளியே சிந்தாமல் பார்த்துக்கொள்வது ஹசீனாவின் வேலை. முப்பத்தைந்து வயது வக்கீல். முதல் நாளே, "மேடம் கீடம் எல்லாம் வேண்டாம், அக்கான்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டாள்.

மரியசெல்வி தங்கியிருந்த ஹாஸ்டலில் காலையும் ராத்திரியும்தான் சாப்பாடு. கேன்டீன் விலை அவள் கைக்கு எட்டாது. "மத்தியானம் சாப்பிட்டா தூக்கம் வரும்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஹசீனா தினமும் ஒரு டப்பாவை அவள் மேஜையில் வைப்பாள். மூடியில் கரடிப் பொம்மை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

"என் பையன் ரயானுக்கு ஸ்கூலுக்குக் கட்டினது. பிடிக்கலன்னு வெச்சுட்டு ஓடிட்டான். வீணாப் போகுது, நீ சாப்பிடு."

"தினமுமாக்கா?"

"தினமும்தான். நாக்கு நீளம் அவனுக்கு."

அன்று காலை திலீபன் வந்தான். விற்பனைப் பிரிவின் தலைவன். தாய்மார்கள் சொன்ன பதில்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தான்.

"பால் மாவுக் கம்பெனி ஒண்ணு கேக்குது. பேர், போன் நம்பர் எல்லாம் நீக்கியாச்சு. கொடுக்கலாமான்னு மூணு மணிக்குள்ள எழுதிக் கொடும்மா. நல்லா வேலை செய்யறவங்களைப் படிப்பு முடிஞ்சதும் கூப்பிடுவோம், தெரியும்ல?"

தெரியும். அந்த வேலையை நினைத்துத்தான் அவள் ரயிலேறியதே.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தாள். கொடுக்கலாம்.

"பேரை எடுத்துட்டாப் போதும்தானேக்கா?"

ஹசீனா காகிதத்தைப் பார்த்தாள்.

"எழுத்து அழகா இருக்கு. உங்க ஊர் பின்கோடு என்ன?"

சொன்னாள்.

"அந்த வரிசைகளை மட்டும் ஒரு தடவை வாசி."

நாலே வரிசைதான் இருந்தது. மரியசெல்வி உற்சாகமாக வாசித்தாள்.

"வயசு இருபத்திரண்டு, ரெண்டாவது பிள்ளை, தையல் வேலை. ம்ம்... வயசு நாப்பத்திமூணு, முதல் பிள்ளை, ஆசிரியை... ஐயோ அக்கா! இது எங்க..."

"பேரைச் சொல்லாதே."

"உங்ககிட்டதானே சொல்லுதேன்!"

"என்கிட்டயும் வேண்டாம்."

அதனால் அந்த டீச்சரின் பெயர் நமக்கும் தெரியாது. மரியசெல்விக்குச் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தைத் தன் கையால் நிரப்பிக் கொடுத்தவர். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஊருக்கே லட்டு கொடுத்தார்கள். இவளுக்கு மட்டும் ஒரு டப்பா நிறைய.

"மிச்சத்தையும் வாசி. மனசுக்குள்ள."

மரியசெல்வியின் விரல் அந்த வரிசையோடு நகர்ந்தது.

பிள்ளையைத் தூக்கப் பிடிக்கிறதா? இல்லை.

ராத்திரி தூக்கம் வருகிறதா? இல்லை.

அழுகை வருகிறதா? ஆமாம்.

யாரிடமாவது சொன்னீர்களா? இல்லை.

பதினோரு வாரம். பதினோரு வாரமும் அதே பதில்.

மரியசெல்வி பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் எழுதியதைக் கிழித்தாள். வேறு காகிதம் எடுத்தாள்.

மூணு மணிக்குத் திலீபன் வந்தான். வாசித்தான்.

"என்னம்மா, கொடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்க? பேர்தான் இல்லையே!"

"எங்க ஊர்ல யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல சார். ரெட்டைப் பிள்ளைக்காரி, தையக்காரி, கடைசி வீட்டு டீச்சர்னுதான் சொல்லுவோம். நீங்க பேரை எடுத்துட்டு அது எல்லாத்தையும் விட்டு வெச்சிருக்கீங்க. பால் மாவு விக்க வர்ற ஆளு, டீக்கடையில நின்னு ரெண்டு கேள்வி கேட்டாப் போதும். வீட்டு வாசல்லயே கொண்டு விட்டுருவாங்க."

திலீபன் ஹசீனாவைப் பார்த்தான்.

"என்னங்க இது?"

"அவ எழுதினதுதான் என் பதிலும்" என்றாள் ஹசீனா.

"நல்லா வளர்க்கறீங்க ஆளை" என்று சொல்லிவிட்டுப் பட்டியலைச் சுருட்டிக்கொண்டு போனான்.

"வேலை போச்சுக்கா."

"போனது போகட்டும். டப்பா அப்படியே இருக்கு பார். சாப்பிடு."

தக்காளிச் சாதம். சின்னக் கிண்ணத்தில் வெங்காயப் பச்சடி. மரியசெல்வி நாலு வாய் சாப்பிட்டாள். இறங்கவில்லை.

"நான் அவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரி இருக்குக்கா. தெரிஞ்சுபோனதைத் தெரியாம ஆக்க முடியுமா?"

"முடியாது."

"அப்போ என்ன செய்ய?"

ஹசீனா தன் டப்பாவைத் திறந்தபடியே கேட்டாள்.

"அவங்களோட பேசுவியா?"

"மாசம் ஒரு தடவை போன் போடுவேன்."

"இந்த மாசம் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்போ போடு."

"போட்டு? உங்க பதிலைப் பார்த்தேன்னு..." பாதியிலேயே அவளே தலையை ஆட்டினாள். "இல்ல, அது வேண்டாம். சும்மாதான் பேசுவேன். லீவுல வரேன், பிள்ளையை ரெண்டு நாள் என்கிட்ட விடுங்க, நீங்க நல்லாத் தூங்குங்கன்னு சொல்லுவேன். சும்மா ஆசைக்குக் கேக்கற மாதிரி."

"ம்."

"இப்பவே போடுதேன். வீட்லதான் இருப்பாங்க. மே மாசம்லா, ஸ்கூல் லீவு..."

அவள் கை நின்றது.

மூடியிலிருந்த கரடியைப் பார்த்தாள். பச்சடிக் கிண்ணத்தைப் பார்த்தாள். ஹசீனாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அக்கா... ரயானுக்கும் லீவுதானே?"

ஹசீனா தலை நிமிரவில்லை.

"மிச்சத்தைச் சாயங்காலம் சாப்பிடு பொண்ணே. மூடியை அழுத்தி மூடி வை, சிந்திடப் போகுது."