பச்சை விழுந்த புகார்

இந்தக் கதையில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒருவருடைய கை முறிந்தது. இன்னொருத்தியின் வேலை போக இருந்தது.

திருச்சியில் லிப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்று. முதலாளி நல்லதம்பி. புகார் வந்தால் எந்த மெக்கானிக் போவது என்று கணினியே முடிவு செய்து, அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். அப்படி ஒரு மென்பொருளை எழிலரசி என்ற இளம்பெண் அமைத்திருந்தாள். பதில் வராவிட்டால் வேலை சற்று நேரத்தில் அடுத்தவருக்குப் போய்விடும். வேலையை ஏற்க, முதலில் கடவுச்சொல் போட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. லிப்ட் குழிக்குள் நின்றுகொண்டு இதெல்லாம் முடியாது என்று மெக்கானிக்குகள் சண்டை பிடித்தார்கள். அதனால், எந்தப் பதில் வந்தாலும் ஏற்றதாகக் கொள்ளும்படி மாற்றிக் கொடுத்தாள்.

விடுப்பு மட்டும் பழைய வழக்கம்தான். முதலாளியிடம் வாயால் சொன்னால் போதும். கணினிக்கு யாரும் சொல்வதில்லை.

மூத்த மெக்கானிக் தணிகாசலம் மகள் கல்யாணத்துக்கு அப்படித்தான் விடுப்புச் சொன்னார். யார் அஞ்சல் அனுப்பினாலும் "விடுப்பில் இருக்கிறேன்" என்று தானாகப் பதில் போகும்படி செய்துவிட்டு மண்டபத்துக்குப் போனார்.

கல்யாணத்தன்று காலை ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. கதவு திறந்தபின் லிப்ட் கீழே நழுவுகிறதாம். கணினி அதைத் தணிகாசலத்துக்கு அனுப்பியது. உடனே அந்தத் தானியங்கிப் பதில் வந்தது. வேலை ஏற்கப்பட்டது என்று திரையில் பச்சை விழுந்தது. "உங்கள் புகாரைத் தணிகாசலம் ஏற்றுக்கொண்டார்" என்று மருத்துவமனைக்கும் அஞ்சல் போயிற்று.

திரையைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் குலசேகரன் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு மதியம்தான் வந்து உட்கார்ந்தார். பச்சையைப் பார்த்துச் சிரித்தார். டீ கொண்டுவந்த பெண்மணியிடம், "பாத்தீங்களாக்கா, பொண்ணு கல்யாணத்துல பந்தி விசாரிச்சுக்கிட்டே புகாரையும் எடுத்துட்டாரு மனுஷன். நாமளும் இருக்கோமே" என்றார்.

பிறகு தலைமை நர்ஸ் போன் செய்தார். அறுவை சிகிச்சை முடிந்த நோயாளியை மாடிக்கு ஏற்ற வேண்டும், லிப்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார்.

"தணிகாசலம் எடுத்த வேலைய விடமாட்டாரு சிஸ்டர். யாரையாவது அனுப்பி முடிச்சிருப்பாரு."

ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே போனபோது லிப்ட் இறங்கியது. வார்டு ஊழியர் மரியதாஸ் நோயாளியை வெளியே இழுத்துக் காப்பாற்றினார். அவருடைய கைதான் முறிந்தது.

அலுவலகம் மூடுவதற்குள் பொறுப்பாளியின் பெயர் எழுத்தில் வேண்டும், இல்லாவிட்டால் நிறுவனத்தின் உரிமம் நிறுத்தப்படும் என்றார் விபத்தை விசாரிக்க வந்த அரசு ஆய்வாளர். நல்லதம்பி எழிலரசியின் பெயரைப் போட்டுக் கடிதம் தயார் செய்துவிட்டார். அது போனால் வேறெந்த நிறுவனமும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது.

எல்லோரையும் வரவழைத்தார். விதி தன்னுடையதுதான் என்று எழிலரசி ஒப்புக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க மதுரைக் கிளையில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியவள் அவள். "அவர் லீவுன்னு எனக்கு யாருமே சொல்லலையே சார்."

பட்டு வேட்டியோடு வந்திருந்த தணிகாசலம், முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன், போன் மனைவியின் பையில் இருந்தது என்றார். அஞ்சலை நம்பினேன், போதாதென்று போனிலும் கேட்டேன் என்றார் நர்ஸ்.

குலசேகரன் அசையவில்லை. "ஸ்கிரீன் பச்சை காட்டுச்சு. ஸ்கிரீனை நம்பத்தானே சார் சம்பளம்?"

நல்லதம்பி பேனாவைத் திறந்தார். அந்தக் கடிதத்தில் யார் பெயர் இருப்பது நியாயம்?

விடை: குலசேகரன் பெயர். எழிலரசியின் விதி ஓட்டைதான், அதை அடைக்கலாம். விடுப்பைக் கணினியில் ஏற்றாத வழக்கம் முதலாளியின் குறை. தணிகாசலத்துக்குப் புகார் வந்ததே தெரியாது, நர்ஸுக்கு அவர் விடுப்பு தெரியாது. இரண்டும் தெரிந்தவர் குலசேகரன் ஒருவரே. ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் திரையை நம்பினார். நல்லதம்பி கையெழுத்துப் போடாமல் கேட்டார்: "குலசேகரன், இன்னிக்கு மத்தியானம் உங்க இலையில பாயசம் ஊத்துனது யாரு?" குலசேகரன் தணிகாசலத்தைப் பார்த்தார். கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, எழிலரசியின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.