மேலக்குளத்துச் சிவபதவி

மருதங்கோட்டை அரசர் சொக்கலிங்க பூபதிக்கு அறுபதாம் கல்யாணம் வைத்திருந்த நேரம் பார்த்து ஊரில் வாந்திபேதி வந்தது. வியாதிக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியுமா என்ன? மேலக்குளத்துத் தண்ணீரைக் குடித்தவர்களில் ஏழு பேர் போய்விட்டார்கள். அரண்மனை வைத்தியர் தண்டோராவுக்கு ஓலை எழுதிக் கொடுத்தார்: "மேலக்குளத்து நீர் குடித்த எழுவர் வாந்திபேதியில் செத்தார்கள். யாரும் குடிக்க வேண்டாம்."

ஓலையைப் படித்த அரசர் முகம் சுளித்தார். கல்யாண வீட்டில் உப்புத் தீர்ந்தால்கூட 'நிறைந்துவிட்டது' என்றுதான் சொல்வார்கள். இங்கே சாவாம், பேதியாம். பேதியை அடித்தார். 'யாரும் குடிக்க வேண்டாம்' என்பதும் அமங்கலம் என்று அடித்தார். 'செத்தார்கள்' இருந்த இடத்தில் மங்கலமாக வேறொன்று எழுதினார். கல்யாணம் முடியும்வரை தம் திருவாயில் வராத ஒரு சொல்லும் தண்டோராவில் வரக்கூடாது, வந்தால் சொன்னவன் நாக்கு இருக்காது என்று உத்தரவும் போட்டார்.

தண்டோராக்காரன் இருளப்பன் தெருத்தெருவாக முழக்கினான்: "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மேலக்குளத்து நீர் பருகிய எழுவர் சிவபதவி அடைந்தார்கள்."

குடித்தாலே சிவபதவி என்றால் ஊர் சும்மா இருக்குமா? மறுநாள் குளக்கரையில் தேர்க்கூட்டம். பக்கத்து ஊர்க்காரர்கள் குடத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி இருளப்பனிடமே செம்பை நீட்டினாள்.

"அண்ணே, கூட்டத்துல நுழைய முடியல. எங்க மாமனாருக்கு ஒரு செம்பு மொண்டு தாங்க, புண்ணியமாப் போகும்."

அவன் செம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். காரணம் சொன்னால் நாக்கு போய்விடுமே. மூன்றாம் நாள் ஏழு பத்தொன்பதானது.

இருளப்பன் அவைப்புலவர் ஏகம்பக் கவிராயர் வீட்டுக்கு ஓடினான். "என் வாயால சொல்லித்தானே சாமி குடிச்சாங்க" என்று அழுதான். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற கவிராயருக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அரசரின் உத்தரவை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, தப்பட்டையை எடுத்துக்கொண்டு கூடவே வரச் சொன்னார்.

சபையில் கவிராயர் வெள்ளிக் கிண்ணம் ஒன்றை வில்வ இலை மிதக்க அரசரிடம் நீட்டினார். ஊரே தேடிப் பருகும் தீர்த்தம், மாப்பிள்ளை பருகாமல் இருக்கலாமா என்றார்.

"எங்கே எடுத்தது?"

"மேலக்குளத்தில்."

அரசர் சிம்மாசனத்தின் மறு ஓரத்துக்கு நகர்ந்தார். தமக்கு இப்போது தாகமே எடுக்கவில்லை என்றார்.

"அப்படியானால் பிரசாதம் அடியேனுக்கு" என்று கவிராயர் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனார்.

அரசருக்குக் கல்யாணமும் மறந்தது, மங்கலமும் மறந்தது. நாற்பது வருஷச் சிநேகம் அல்லவா? எழுந்து கத்தினார்:

"ஓய், அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்! வாந்திபேதியில் செத்துப்போவீர்!"

கவிராயர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இருளப்பா, அரசர் திருவாயில் வந்துவிட்டது. ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் ஊருக்குச் சொல்."

இருளப்பன் வாசல் தாண்டும் முன்பே தப்பட்டை அதிர்ந்தது. அரசர் பல்லைக் கடித்தார்.

"என்னை ஏமாற்றினீர்."

"எனக்குச் சொன்னதைத்தான் அரசே ஊருக்கும் சொல்லச் சொன்னேன். மூன்று நாள் முந்தியிருந்தால் பன்னிரண்டு பேர் உங்கள் கல்யாணத்தில் சாப்பிட்டிருப்பார்கள்."

அரசர் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டார். அன்று மாலைக்குள் குளக்கரை வெறிச்சோடியது. கல்யாணப் பந்தியில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் பரிமாறினார்கள். அதற்குப் பிறகு ஒரு சாவுகூட இல்லை.

கல்யாணம் முடிந்ததும் அரசர் கவிராயரைக் கூப்பிட்டு, சபை நடுவே நிறுத்திக் கேட்டார்.

"என்ன பதவி வேண்டும், கேளும்."

கவிராயர் கைகூப்பினார். "எந்தப் பதவி கொடுத்தாலும் சரி, அரசே. சிவபதவி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்."