ஈதர் வராத புட்டி

ஆல்கஹால் அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று வேதியியல் துறைத்தலைவர் ஞானதிரவியத்திடம், மற்றொன்று லேப் உதவியாளர் செண்பகத்திடம்.

அன்று கல்லூரி முதல்வர் எதிரில் ஞானதிரவியம் அலமாரியிலிருந்த ஆல்கஹால் புட்டியை நீட்டி, "ஈதர் செய்" என்றார். செண்பகம் அமிலம் சேர்த்துச் சூடாக்கினாள். ஆல்கஹால் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, தண்ணீரைக் கழற்றிவிட்டால் ஈதர். இதிலோ வெறும் தண்ணீர்தான் சொட்டியது.

"குடிச்சுட்டுத் தண்ணி ஊத்தி வச்சிருக்கா மேடம்! வேலையைவிட்டுத் தூக்குங்க!" என்று குதித்தார்.

செண்பகம் பதறவில்லை. "கடைக்காரன் மெத்தில் ஆல்கஹாலை மாத்திக் குடுத்துட்டான் போல, மேடம். அதோட ஈதர் வாயு. பறந்துடும், தண்ணிதான் மிஞ்சும். குடிச்சவங்களுக்குக் கண்ணு போயிடும்."

"ஐயோ, ஆட்டோ கூப்பிடுங்க! நேத்துகூடக் குடிச்சேனே!" என்று அலறினார் ஞானதிரவியம்.

"பயப்படாதீங்க சார், சும்மா சொன்னேன். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. மேடம் முகம் நல்லாத் தெரியுதா?"